இருவரும் விடாத கயிறு

போன வருடம் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்தில் விடிந்ததிலிருந்தே வாடைக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. காயப்போட்ட வலைகள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். கரையில் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கி, மணலியில் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும் என்றுதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் குப்பத்தில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என்னிடம்தான் வரும். போனில் வந்த மெசேஜ், மருந்துச் சீட்டு, பேங்கிலிருந்து வந்த கடிதம், எல்லாமே. யாராவது வாசலில் வந்து தலையைச் சொறிந்தால் போதும், அம்மா உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்: "கலெக்டரம்மா எழுந்துட்டாங்க, உள்ள வா."

அன்றைக்கு வந்தது வெளியூர் ஆட்கள். காற்று பலமாக இருக்கும் நாட்களில் சென்னையிலிருந்து இரண்டு வேன்களில் வருவார்கள். ஒரு பலகையில் நின்றுகொண்டு, பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது இழுக்க இழுக்கத் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். சிலர் பலகையிலேயே பாய் கட்டி ஓட்டுவார்கள். ஏரியில் ஆழம் குறைவு, அலை இல்லை, காற்று மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? வலைப் பக்கமும் பறவைகள் இறங்கும் பக்கமும் போகக் கூடாது என்று சொல்லி ஊரில் விட்டிருந்தார்கள்.

காற்று அதிகமாக இருந்ததால் பாதுகாப்புக்கு ஒரு படகு வேண்டும் என்று அவர்களுடைய பயிற்சியாளர் கேட்டார். எங்கள் நைனாவின் ஃபைபர் படகு போனது. நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. பயிற்சியாளருக்குத் தமிழ் அரைகுறை, நைனாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. அதனால் நானும் ஏறிக்கொண்டேன்.

கிளம்பும் முன் பயிற்சியாளர் சொன்னதை நைனாவுக்கு நான் தமிழில் சொன்னேன். பட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் கயிறுகள் நம்முடைய வலை நூல் மாதிரி மெல்லியவை. ஆனால் பட்டத்தில் காற்று ஏறிவிட்டால் கத்தி மாதிரி அறுக்கும். பட்டம் தண்ணீரில் விழுந்து கிடந்தாலும் கயிற்றைத் தொடவே கூடாது. ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தால் பட்டம் மறுபடியும் எழுந்துவிடும். ஆபத்து என்றால், ஓட்டுகிறவர் இடுப்பில் இருக்கும் சிவப்புப் பிடியை இழுத்தால் போதும், பட்டம் கழன்றுவிடும், ஆள் தப்பித்துவிடலாம்.

நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டம் உடறதுக்கு இம்மா வெவரமா? எங்களுக்கெல்லாம் நூலு அறுந்தா ஒரு நாளு அழுகை, அவ்ளோதான்" என்றார். பிறகு தெற்கே கை காட்டினார். "காத்து தெக்கால தள்ளும். பொம்பளைங்க அங்க எறா தடவினு கீறாங்க. அத்தச் சொல்லு மொதல்ல."

சொன்னேன். பயிற்சியாளர் உடனே ஏரியில் ஒரு கழியை நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்று எல்லாரிடமும் விசிலடித்துச் சொன்னார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இறால் தடவுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கைக்குத் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பறியில் போடுவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த பை. அதன் கயிறு பல்லில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் மேல் தலைகள் மட்டும் மிதப்பது போலத் தெரியும். வாயில் கயிறு இருப்பதால் யாரும் பேசமாட்டார்கள். கையால்தான் பேச்சு. முஷ்டியை மேலே தூக்கி ஆட்டாமல் வைத்திருந்தால் 'நில், இங்கே வராதே' என்று அர்த்தம். பள்ளமோ, கண்ணாடித் துண்டோ, திருக்கை மீனோ, ஏதோ ஒன்று இருக்கிறது என்று புரிந்துகொண்டு அப்படியே நின்றுவிடுவார்கள்.

அன்று அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். குளிருக்காக நைனாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் போட்டிருந்தாள். தலையில் மஞ்சள் துண்டு. அதை வைத்துத்தான் அம்மா எங்கே இருக்கிறாள் என்று படகிலிருந்து எனக்குத் தெரிந்தது.

வேனில் வந்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். புனேவிலிருந்து வந்தவள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆரஞ்சு நிறப் பட்டம். நன்றாகவே ஓட்டினாள். நைனா கூட, "இந்தப் பொண்ணு காத்தப் புரிஞ்சுக்கினு ஓட்டுது" என்றார். அதைச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில்தான் அந்தக் காற்று வந்தது.

தண்ணீர் கறுத்துச் சுருங்கிக்கொண்டு வருவதை நைனா முதலில் பார்த்துவிட்டார். "புடிச்சிக்க" என்றார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் நிமிர்ந்தபோது ஆரஞ்சுப் பட்டம் மேலே ஏற, அந்தப் பெண் தண்ணீரை விட்டே மேலே கிளம்பிவிட்டாள். பலகை காலிலிருந்து நழுவி விழுந்தது. சிவப்புத் துணி கட்டிய கழியைத் தாண்டி, இன்னும் தாண்டி, தூரத்தில் போய் விழுந்தாள். அவளுக்கும் தெற்கே, இறால் தடவும் பெண்களுக்கு மிக அருகில், பட்டம் தண்ணீரில் படுத்தது.

நைனா மோட்டாரைப் போட்டுப் படகை அந்தப் பக்கம் விட்டார். பயப்பட எதுவும் இல்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். சிவப்புப் பிடியை இழுப்பாள், முடிந்துவிடும்.

அப்போது அந்த மஞ்சள் துண்டு எழுந்து நின்றது.

மற்ற பெண்கள் பட்டத்தைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். அம்மா மட்டும் கயிறுகளை நோக்கி நடந்தாள். அவள் பார்வையில் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ஒரு பெண் தண்ணீரில் விழுந்து கிடக்கிறாள், உடம்பைச் சுற்றிக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் தண்ணீர் குடித்துக் கனத்த ஒரு பெரிய துணி. எங்கள் ஏரியில் அந்த நிலையில் யாரைப் பார்த்தாலும் செய்வது ஒன்றுதான். கயிற்றைப் பிடித்து ஆளை இழுக்க வேண்டும்.

படகில் எழுந்து நின்று முஷ்டியைத் தூக்கினேன். ஆட்டாமல் பிடித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள், தலை என் பக்கம் திரும்பியது. பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தாள். நான் கத்தினேன். அந்தப் பெண்ணும் மறுமுனையிலிருந்து, கயிற்றைத் தொடாதே என்று இங்கிலீஷில் கத்துவது தெரிந்தது. காற்று இரண்டு குரலையும் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டது.

எங்கள் ஊரில் கயிறு பிடிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஈரக் கயிறு உள்ளங்கையில் நிற்காது என்பதால் முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வோம். பிடித்தவர், இன்னொருவர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை விடக் கூடாது. வலையானாலும் படகானாலும் ஆளானாலும் இதுதான் வழக்கம். நடை பழகும்போதே எங்களுக்கு இதுவும் பழகிவிடும்.

அம்மா இடது முன்கையில் கயிற்றைச் சுற்றினாள். காலைச் சேற்றில் ஊன்றி இழுத்தாள்.

பட்டத்தின் ஒரு முனை தண்ணீரிலிருந்து எழுந்தது. ஒரு நொடி அது யோசிப்பது மாதிரி அப்படியே நின்றது. பிறகு காற்று உள்ளே புகுந்து, முழுப் பட்டமும் மேலே கிளம்பியது.

அம்மா நின்ற இடத்தில் அம்மா இல்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தாள். குப்புற, மல்லாக்க, மறுபடியும் குப்புற. மஞ்சள் துண்டு கழன்று தனியாக மிதந்தது. நான் பார்த்துக்கொண்டிருப்பது என் அம்மாவை என்று என் மூளைக்கு ஏறவே இல்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது ஒரு சின்ன விஷயம்தான். அம்மாவின் பல்லில் பறியின் கயிறு அப்படியே இருந்தது. அவ்வளவு இழுப்பிலும் அதைக் கூட அவள் விடவில்லை.

அவளுக்குப் பின்னால், கயிற்றின் இந்த முனையில், அந்தப் பெண்ணும் இழுபட்டுப் போனாள். அவர்கள் போகும் வழியில் கட்டு வலைக்காக நட்டிருந்த கழிகள் வரிசையாக நின்றன. அந்த வேகத்தில் மோதினால் தலை மிஞ்சாது.

நைனா கிட்டே நெருங்கியதும் கயிறு சிக்கிக்கொள்ளும் என்று மோட்டாரை நிறுத்தித் தூக்கிவிட்டு, தாங்கு கழியை எடுத்து ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "பேசு" என்றார் என்னிடம். "அந்தப் பொண்ணுகிட்ட பேசு. உடச் சொல்லு."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து இங்கிலீஷில் கத்தினேன். சிவப்புப் பிடி, இழு, விடு என்று. அவள் கை அந்தப் பிடியின் மேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. தண்ணீரைத் துப்பித் துப்பி அவள் பதிலுக்குக் கத்தியது இந்தத் தடவை எனக்குக் கேட்டது.

"விட முடியாது. நான் விட்டால் பட்டம் அவங்களை மட்டும் கொண்டுபோயிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டத்தைக் கொஞ்சமாவது அடக்கிப் பிடித்திருப்பது அவளுடைய எடைதான். அவள் கழற்றிக்கொண்டால் அவள் பிழைப்பாள். அம்மா அந்தக் கழிகளுக்குள் போவாள். அவள் யார், அம்மா யார்? ஒருவர் முகத்தை ஒருவர் அதுவரை பார்த்ததில்லை.

இந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, கைய உதறு, கயிற உடு" என்று கத்தினேன். அம்மா தலையை ஆட்டினாள். முடியாது என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை.

அந்தப் பெண் பிடியிலிருந்து கையை எடுத்தாள். எடுத்துவிட்டு, அம்மா பிடித்திருந்ததற்கு எதிர்ப்பக்கக் கயிற்றை வெறுங்கையால் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கையை மாற்றி மாற்றி, வலை இழுப்பது போல இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் முகம் கோணியது. பட்டம் வானத்தில் ஒரு பக்கமாகச் சரிந்தது, சுழன்றது, தலைகீழாக வந்து தண்ணீரில் அறைந்தது. கயிறுகள் தொய்ந்தன. முதல் கழிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு படகு நீளம்தான் இருந்தது.

நைனா குதித்தார். நானும் குதித்தேன். தண்ணீர் எனக்கு மார்பளவு. நைனா இடுப்பிலிருந்த வலைக் கத்தியை எடுத்துக் கைக்கு எட்டிய கயிற்றைப் பிடித்தார். அது அந்தப் பெண்ணின் பக்கம் போகிற கயிறு. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பக்கம் வேணாம் நைனா. பட்டத்துப் பக்கம். இத்த அறுத்தா பட்டம் அம்மாவ இழுத்துக்கினு போயிடும்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டார். அம்மாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். நான் அம்மாவைத் தாண்டிப் போய்ப் பட்டத்தின் பக்கம் இருந்த கயிறுகளை அறுத்தேன். கடைசிக் கயிறு அறுந்தபோது அடுத்த காற்று வந்தது. பட்டம் எழுந்து, தனியாகப் பறந்து, கழிகளில் மோதிக் கிழிந்து தொங்கியது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றோம்.

படகில் ஏற்றியதும் அம்மா பல்லைத் திறந்தாள். பறி மடியில் விழுந்தது. உள்ளே சில இறால்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு இன்னா ஆனா?" என்பது. இரண்டாவது கேள்வி, "எறா கொட்டிடுச்சா?"

அந்தப் பெண் படகின் மறுமூலையில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் இல்லை. அம்மாவின் இடது கையைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சட்டைக் கையோடு சேர்த்துக் கயிறு உள்ளே இறங்கியிருந்தது. சட்டை முழுக்கையாக இல்லாமல் இருந்திருந்தால் கை இருந்திருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அவர்களுடைய வேனிலேயே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் செருப்புக் கூடப் போடாமல், ஈர உடையோடு, வேன் தரையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வந்தாள். திருப்பாலைவனம் கோயில் வந்தபோது அம்மா என்னை முழங்கையால் இடித்தாள்.

"கேளுடி அவள. செவப்பா ஒரு புடி கீது, இழுத்தா கழண்டுக்கும்னு உங்க நைனா சொல்றாரு. ஏன் இழுக்கல அவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "உங்கம்மாகிட்ட ஒண்ணு கேட்கணும். நடுவுல ஒரு தடவை கயிறு தளர்ந்தது, நான் பார்த்தேன். அவங்க கையை உருவிக்கிட்டிருக்கலாம். ஏன் செய்யலை?"

தளர்ந்ததா? அப்படியானால் அம்மாவால் முடியாமல் போகவில்லை. அவள் மாட்டேன் என்றுதான் தலையாட்டியிருக்கிறாள். அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்கும்போது என் குரலில் கோபம் இருந்தது.

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னாடி கேக்கற? கயிற புடிச்சவ உட்டா, அந்தாண்ட கீறவ கதி இன்னாவறது?"

"நான் முஷ்டிய தூக்கிக் காட்டனேன். நீ பாத்த."

"பாத்தன். உசுருக்கு ஒருத்தி தத்தளிக்கறா, நீ கைய தூக்கினு நிக்கற. யார நான் பாக்கறது?"

"அவ தத்தளிக்கல. உன்ன வராதன்னுதான் கத்தனா."

அம்மா கீழே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். "அப்ப நான் போயித்தான் இவளுக்குக் கஷ்டமா?" என்றாள். அதை மொழிபெயர்க்காதே என்று கண்ணால் எனக்குச் சொன்னாள். பிறகு நல்ல கையை நீட்டி அந்தப் பெண்ணின் ஈரத் தலையைத் தொட்டாள். அந்தப் பெண் அம்மாவின் முட்டியில் முகத்தை வைத்து அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பாஷையும் எனக்குத் தெரியும்.

அம்மாவின் காயம் ஆறிவிட்டது. முன்கையில் வளையல் மாதிரி இரண்டு தழும்பு. ஆனால் இடது கையில் கடைசி இரண்டு விரலுக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. இறால் தடவுகிறவளுக்கு விரல்தான் கண். இப்போது வலது கையால்தான் தடவுகிறாள். முன்பு கிடைத்ததில் பாதிதான் கிடைக்கிறது. "எடது பக்கம் எறாவுங்களுக்கு நல்ல காலம்" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தப் பெண் கை ஆறியதும் ஒருநாள் தனியாக வந்தாள். பட்டம் இல்லாமல். அம்மா அவளுக்கும் ஒரு பழைய சட்டையை மாட்டி, பறியின் கயிற்றைப் பல்லில் கொடுத்து ஏரியில் உட்கார வைத்தாள். பாதி நாள் தடவி ஒரு நண்டிடம் கடி வாங்கியதுதான் மிச்சம். "பட்டக்காரி, நீ பட்டமே உடு" என்று பெண்கள் எல்லாரும் கேலி செய்தார்கள். நான் அதை மொழிபெயர்த்தேன். அவள் வாயிலிருந்து கயிறு விழும் அளவுக்குச் சிரித்தாள். இப்போதெல்லாம் அந்தக் கூட்டம், தண்ணீரில் தலைகள் தெரிந்தால் வேனிலிருந்து பட்டத்தை இறக்குவதே இல்லை. பெண்கள் கரையேறும்வரை உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

எந்தப் பக்கத்துக் கயிற்றை அறுக்க வேண்டும் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்காக நான் படித்ததைப் பற்றி இன்னும் பெருமைப்படுகிறேன். ஆனால் வாடைக் காற்று எழும்பிக் கூரைத் தகரம் தடதடக்கும் நாட்களில் வேறொன்று நினைவுக்கு வருகிறது. இரண்டு பேரிடமும் விடு, விடு என்று அன்று மாறி மாறிக் கத்தியது நான் ஒருத்திதான். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத அவர்கள் இருவரும், சொல்லிவைத்தாற்போல் என் பேச்சைக் கேட்கவில்லை.